தூரிகைப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ ஓவியத்தைப் பார்த்துத் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களை வரைந்தேன். உருவங்கள் மலையில் ஒட்டிவைத்தது போல நிற்கின்றன. ஏன்?
– உயர்தர மாணவி, தலவாக்கலை

பதில்: தொடுவானம் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 1857இல் தீட்டிய அந்த ஓவியத்தில் மில்லே அதை உயரத்தில் வைத்து, குனிந்திருக்கும் மூன்று பெண்களையும் ஏறக்குறைய முழுக்க அதற்குக் கீழே அடக்கிவிட்டார். தலை வானத்தில் நீளாததால் நிலம் அவர்களை அழுத்துகிறது. தூரத்தில் வெளிச்சத்தில் கதிர்ப்போர்கள், வண்டி; வலப்பக்கம் குதிரைமேல் ஒரு மேற்பார்வையாளர். வேலையைப் பார்த்தால் கங்காணி, குதிரையைப் பார்த்தால் துரை!

ஆனால் அந்தக் குனிவை அப்படியே தேயிலைக்குக் கொண்டுவராதீர்கள். செடி இடுப்பளவு நிற்கும், கால் தெரியாது. பாதம்வரை வரைந்தால் ஆள் செடிக்கு முன்னால் மிதப்பார். படங்கை (இடுப்பில் கட்டும் முரட்டுத் துணியை) செடியின் மேல்மட்டத்தோடு நிறுத்தி, அந்த இடத்தில் இரண்டு மூன்று இலைகளை உருவத்தின்மேல் ஏறவிடுங்கள். கூடைக் கயிறு தலையில் மாட்டியிருப்பதால் பாரம் கழுத்துக்கு வரும். தாடை முன்னே தள்ளி, முதுகு சற்று வளையும். கழுத்து நிமிர்ந்திருந்தால் கூடை காலி என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: ஆங்கில ஓவியர் கான்ஸ்டபிள் போல வெளியிலேயே வரைகிறேன். மூடுபனி நாட்களில் நீர்வர்ணம் சேறாகிவிடுகிறது.
– சித்திர ஆசிரியர், பண்டாரவளை

பதில்: அவருடைய ‘வைக்கோல் வண்டி’ (1821) வெளியில் தீட்டியதல்ல. ஸ்டவர் ஆற்றங்கரையில் எடுத்த சிறு படங்களைக் கொண்டு லண்டனில் அறைக்குள் 185 செ.மீ. அகலத்தில் தீட்டியது. நீங்களும் மலைச்சரிவின் ஒளி, நிழலை மட்டும் உள்ளங்கையளவு தாளில் குறித்துக்கொண்டு வீட்டில் முடியுங்கள்.

சேறாவதற்குக் காரணம் ஈரம். மினுமினுப்பு போனதும் காய்ந்துவிட்டது என்று அடுத்த பூச்சைப் போட்டால் கீழ்ப்பூச்சு கிளம்பிவிடும். புறங்கையைத் தாளில் வையுங்கள். குளிர்ந்தால் இன்னும் ஈரம்தான். தூர மலையை நீலத்தில் துளி சிவப்பு கலந்து, மிக நீர்க்கத் தொடங்குங்கள். ஒரு பூச்சில் இரண்டு வர்ணங்களுக்கு மேல் வேண்டாம். கறுப்பைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: 1850இன் தோட்டக் காட்சிக்குக் கொழுந்துக்கூடை சரியா?
– வாசகர், ஹட்டன்

பதில்: சரியில்லை. அது கோப்பிக் காலம். லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைத் தோட்டப்பயிராக்கியது 1867இல். 1869இல் தோன்றிய இலைநோய்தான் பிறகு கோப்பியை வீழ்த்தியது. சிவந்த பழங்களும் பளபளக்கும் கரும்பச்சை இலைகளும் கொண்ட கோப்பிச் செடியை வரையுங்கள்.