நாம் கட்டும் வரியும் கொடுக்கும் நன்கொடையும் கடைசியில் எங்கேதான் போகிறது?

எங்கள் ஊர் பென்னாகரம் பக்கம். என் அம்மா சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வார். போர்வெல் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு அவர் பல்லையெல்லாம் பழுப்பாக்கிவிட்டது. என் மகளுக்குப் பத்து வயது, பல் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. இடையில் வந்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 1,928 கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்கா கொடுத்த கடன். 2013-ல் திறந்தார்கள். அந்தக் கடனை அடைப்பது நம் வரிப்பணம்தான். அதனால் "எல்லாத்தையும் தின்னுட்டாங்க" என்று யாராவது சொன்னால் என்னால் தலையாட்ட முடிவதில்லை.

மேல்மட்டக் கணக்கு ஒளிவுமறைவு இல்லாமல் கிடைக்கிறது. 2025-26 மத்திய பட்ஜெட்டில் செலவாகும் ஒவ்வொரு ரூபாயிலும் 22 காசு மாநிலங்களின் வரிப் பங்கு, 20 காசு பழைய கடனுக்கு வட்டி, 8 காசு ராணுவம். வட்டிக்கு இவ்வளவா என்று முதலில் படித்தபோது எனக்குத் திக்கென்றது.

பணம் ஒழுகுவதை நான் கண்ணால் பார்த்தது கீழே, ஊராட்சியில். 2022-ல் ஒரு கிராம சபைக் கூட்டத்தில் படிவம் 30-ஐக் கேட்டேன். ஊராட்சியின் வரவு செலவு அதில்தான் இருக்கும். "என்னங்க தம்பி, புதுசா கேக்கறீங்க?" என்றார் ஒருவர். கொடுத்தார்கள். ஒரே மோட்டாருக்கு ஒரு வருஷத்தில் நான்கு முறை காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) கட்டியதாக எழுதியிருந்தது. நான் இருபது வருஷமாக மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருப்பவன். ஒழுங்காகக் கட்டின காயில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எரியாது. பில்லைக் காட்டுங்கள் என்றேன், காட்டவில்லை. அடுத்த வருஷக் கணக்கில் அந்தச் செலவு ஒரு முறைதான் வந்தது. ஊரில் இருபது பேர் உட்கார்ந்து கேட்டிருந்தால் நான்கு வருஷம் முன்பே நின்றிருக்கும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

நன்கொடையில் ஏமாந்தும் இருக்கிறேன். ஒரு குழந்தையின் ஆபரேஷனுக்கு என்று ஓர் அறக்கட்டளை கேட்டது, 5,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன். நன்கொடைக்கான 80ஜி வருமான வரி விலக்கு உண்டு என்றார்கள். அதற்கு அவர்கள் வருமான வரித் தளத்திலிருந்து எடுத்துத் தர வேண்டிய நன்கொடைச் சான்றிதழான படிவம் 10பிஇ இன்றுவரை வரவில்லை. குழந்தை எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டதும் போன் எடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள். இப்போதெல்லாம் ஆஸ்பத்திரி பில்லில் இருக்கும் நோயாளி எண்ணைக் கேட்டு வாங்கி, பில்லிங் கவுன்டரிலேயே நேராகக் கட்டிவிடுகிறேன். போன மாதம் தருமபுரியில் அப்படிக் கட்டினேன். அந்தப் பையனின் அப்பா ரசீதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

உங்கள் ஊராட்சிச் செலவு மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் இருக்கிறது, இன்றே திறந்து பாருங்கள். அடுத்த கிராம சபைக்கு அதைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள்.