சுற்றுச்சூழல் அறிவியல் பட்டப்படிப்பு: மாணவர் கேள்விகளும் பதில்களும்

உயிரியல் பிடிக்கும், கணக்கு என்றால் பயம். சுற்றுச்சூழல் அறிவியலில் சேரலாமா?

சேரலாம். ஆனால் கணக்கிலிருந்து தப்பிக்கும் வழியாக இதை நினைக்காதீர்கள். நுண்கணிதத்தைவிட அலகு மாற்றம், மடக்கை, புள்ளியியல் மூன்றும்தான் அன்றாடம் தேவைப்படும். ஓசோன் கருவி பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) அலகில் அளவு காட்டும். தர வரம்போ கன மீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று இருக்கும். 25 டிகிரி செல்சியஸில், இயல்பான காற்றழுத்தத்தில், பிபிபி எண்ணை மூலக்கூறு எடையால் பெருக்கி 24.45-ஆல் வகுக்க வேண்டும். ஓசோனுக்கு மூலக்கூறு எடை 48. ஆக 50 பிபிபி என்பது கன மீட்டருக்குச் சுமார் 98 மைக்ரோகிராம். இந்த அளவுக் கணக்கைப் பயிற்சியால் யாரும் பிடித்துவிடலாம்.

சுற்றுச்சூழல் பொறியியலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஆற்றில் என்ன கலந்தது, எங்கிருந்து வந்தது, மீனையும் மனிதனையும் என்ன செய்யும் என்பது அறிவியல். அதைச் சுத்திகரிக்கும் நிலையத்தை வடிவமைப்பது பொறியியல். பட்டத்தின் பெயரை மட்டும் நம்பாமல் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள்: ஆய்வக நேரம் எவ்வளவு, களப்பணி உண்டா, புள்ளியியலும் ஜிஐஎஸ்ஸும் (கணினி வழிப் புவியியல் வரைபட முறை) தனிப் பாடங்களா?

பிஓடி சோதனையில் (நீரிலுள்ள கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்க ஐந்து நாளில் செலவாகும் ஆக்சிஜனை அளப்பது) ஐந்தாம் நாள் கரைந்த ஆக்சிஜன் பூஜ்யம் என்று வருகிறது. எங்கே தவறு?

கழிவுநீரை நீர் கலந்து போதிய அளவு நீர்க்கச் செய்யாமல் குப்பியில் அடைத்திருப்பீர்கள். 20 டிகிரியில் நன்னீர் தாங்கக்கூடிய ஆக்சிஜனே லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம்தான். பிஓடி லிட்டருக்கு 200 மில்லிகிராம் உள்ள கழிவுநீரில் அது ஐந்தாம் நாளுக்கு வெகு முன்பே தீர்ந்துவிடும். பூஜ்யத்தை வைத்துக் கணக்குப் போட முடியாது.

300 மி.லி. குப்பியில் 6 மி.லி. கழிவுநீர் விட்டு, மீதியைக் காற்றூட்டிய நீர்ப்பு நீரால் நிரப்புங்கள். இது 50 மடங்கு நீர்ப்பு. ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மி.கி. குறைந்தால் பிஓடி 4 × 50 = 200. ஐந்தாம் நாள் 1 மி.கி.யாவது எஞ்சியிருக்க வேண்டும், குறைவு 2 மி.கி.யாவது இருக்க வேண்டும்; அப்போதுதான் முடிவு செல்லும். மாதிரியின் பலம் முன்கூட்டித் தெரியாது என்பதால் 3, 6, 12 மி.லி. என மூன்று குப்பிகள் வையுங்கள். கூடவே நீர்ப்பு நீர் மட்டும் உள்ள குப்பி ஒன்று. அதில் குறைவு 0.2 மி.கி.யைத் தாண்டினால் நீரோ குப்பியோ அசுத்தம்.

குப்பிகளை இருட்டில் வைக்காவிட்டால் பாசி ஆக்சிஜனை உண்டாக்கி அளவைக் கெடுக்கும். மூடும்போது சிக்கும் ஒரு காற்றுக்குமிழியும் அப்படித்தான். குளோரின் கலந்த நீரில் பாக்டீரியா செத்திருக்கும். பிஓடி பொய்யாகக் குறைந்து, நீர் சுத்தம் என்று தோன்றும். சோடியம் சல்ஃபைட்டால் குளோரினை நீக்கி, நுண்ணுயிர் வித்து (உயிருள்ள பாக்டீரியா கொண்ட சிறிதளவு நீர்) சேர்த்த பிறகே சோதியுங்கள். கரைந்த ஆக்சிஜனுக்கு ஏற்ப அயோடினை வெளிவிடச் செய்து அளக்கும் விங்க்லர் முறையில் தரம்பார்க்கும்போது (டைட்ரேஷன்), கரைசல் வெளிர் வைக்கோல் நிறத்துக்கு வந்த பிறகே ஸ்டார்ச் விடுங்கள். முன்பே விட்டால் அயோடின் அதோடு ஒட்டிக்கொண்டு முடிவுப்புள்ளி மங்கிவிடும்.

ஜிஐஎஸ் பயிற்சியில் ஏரியின் பரப்பு 0.0002 என்று வருகிறதே?

ஏரியின் வரைபட அடுக்கு அட்சரேகை-தீர்க்கரேகை அமைப்பில் இருக்கிறது. வந்த விடை சதுர டிகிரி. அடுக்கை உரிய யூடிஎம் (மீட்டரில் அளக்கும் வரைபட ஆய அமைப்பு) மண்டலத்துக்கு மாற்றி, புதிய கோப்பாகச் சேமித்துப் பரப்பை அளவிடுங்கள். ஏற்கெனவே உள்ள அடுக்கின் ஆய அமைப்புப் பெயரை மட்டும் மாற்றுவது பெரிய தவறு: எண்கள் அப்படியே இருக்க, ஏரி வேறு எங்கோ போய் விழும். மண்டலம் காண, கிழக்குத் தீர்க்கரேகையோடு 180-ஐக் கூட்டி 6-ஆல் வகுத்து, விடையின் முழு எண்ணோடு 1 சேர்த்துக்கொள்ளுங்கள். 10 டிகிரி கிழக்கு என்றால் மண்டலம் 32.

இறுதியாண்டு ஆய்வுக்குச் சாலையோரக் குளம் ஒன்றிலும் தொலைவிலுள்ள குளம் ஒன்றிலும் தலா 30 மாதிரி எடுத்திருக்கிறேன். போதுமா?

சாலையின் தாக்கத்தைச் சொல்லப் போதாது. உங்களிடம் இருப்பவை 60 மாதிரிகள் அல்ல, இரண்டு குளங்கள். அவற்றுக்கிடையே ஆழம், மண், மீன் என எத்தனையோ வேறுபாடுகள் இருக்கலாம். சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-இல் விரிவாகச் சுட்டிக்காட்டிய பிழை இது. சாலையோரம் ஐந்து, தொலைவில் ஐந்து எனக் குளங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் மூன்று மாதிரி போதும். அந்த மூன்றின் சராசரியே ஒரு தரவு. மொத்தம் 30 மாதிரிதான், பாதி உழைப்பு. காலம் இல்லையென்றால் ஆய்வின் தலைப்பை 'இரு குளங்களின் நீர்த்தர ஒப்பீடு' என்று மாற்றிவிடுங்கள். சாலைதான் காரணம் என்று மட்டும் எழுதாதீர்கள்.