அக்கா ஏன் விறாந்தையில் படுக்கிறா?

கேள்வி: நான் கட்டாரில் வேலை செய்கிறேன். சொந்த இடம் மட்டக்களப்புப் படுவான்கரை. எங்கள் அம்மப்பா பெரிய போடியார், நிறைய வயல் வைத்திருந்தவர். வயலுக்கு வரும் யானைக்கும் பன்றிக்கும் அவர் வைத்திருந்த இங்கிலாந்து இரட்டைக் குழல் துவக்கு இன்றும் எங்களிடம் இருக்கிறது. அவர் 1987இல் காலமானார். 90 யுத்தப் பிரச்சினை நேரம் அம்மா அதைச் சாக்கில் சுற்றி எருக்கும்பத்துக்குள் புதைத்துக் காப்பாற்றினா. அப்போது நான் கைக்குழந்தை, அக்காவுக்குப் பதினொரு வயது. அம்மாவும் போன வருடம் காலமாகிவிட்டா. ஆவணியில் லீவில் வரும்போது துவக்கைப் புதுசாக்கி, பிடியில் வெள்ளித் தகடு வைத்து அம்மப்பாவின் பெயரை வெட்டி, நான் கட்டும் புது வீட்டின் ஹோலில் மாட்ட ஆசை. வாகன சைலன்சருக்குக் குரோம் பூசும் பட்டறைக்காரர் ஒருவர் செய்து தருவதாகச் சொல்கிறார். துவக்கு இப்போது அக்கா வீட்டில் ஓர் அறையில். அக்கா அந்த அறையைப் பாவிப்பதில்லை, பிள்ளைகளோடு விறாந்தையில்தான் படுக்கிறா. அதனால் இடப்பிரச்சினை இல்லை. குரோம் பூசுவதா, பழையபடி நீலம் ஏற்றுவதா?

பதில்: தம்பி, குரோமா நீலமா என்று கேட்கிறீர். நான் உம்மிடம் வேறொன்று கேட்கிறேன். சொந்த வீட்டில் அறை இருக்க, உம்முடைய அக்கா ஏன் விறாந்தையில் படுக்கிறா?

இடப்பிரச்சினை இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர். அந்த வரியை நான் நாலு தரம் வாசித்தேன். நுளம்புக்கும் மாரிச் சாரலுக்கும் நடுவில், வளர்ந்த பிள்ளைகளோடு ஒரு பொம்பிளை வெளியில் படுக்கிறா. உமக்கு அது துவக்கு வைக்க வசதியாகத் தெரிகிறது.

1990இல் உமக்கு விபரம் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் வெற்றுத் தோட்டா ஒன்று வீட்டில் அகப்பட்டால் என்ன நடக்கும் என்று படுவான்கரையில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அம்மா எருக்கும்பத்தைத் தோண்டியபோது பக்கத்தில் லாம்பு பிடித்துக்கொண்டு நின்றது யார் என்று அக்காவிடம் எப்போதாவது கேட்டீரா? நீர் அம்மப்பாவின் ஞாபகம் என்று சொல்லும் சாமான், அவவுக்கு அந்த இரவின் ஞாபகம். வாய் திறந்து சொல்லாமல் பாயைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போய்விட்டா.

சட்டத்தையும் கேளும். சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கம். லைசன்ஸ் கொடுப்பது ஆளுக்கு. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அம்மப்பாவோடு அவருடைய லைசன்சும் போய்விட்டது. அதற்குப் பிறகு யாரும் எடுத்ததாக நீர் எழுதவில்லை. ஆகவே அது இன்று கள்ளத் துவக்கு. போடியாரின் பெயரை வெள்ளியில் வெட்டினாலும் கள்ளத் துவக்குத்தான். நம்முடைய பக்கத்தில் குடி என்னும் குலம் தாய்வழி, வீடு மகளுக்குச் சீதனம். அந்த வழக்கத்தில் எனக்குப் பெருமைதான். ஆனால் நாளைக்குப் பொலிஸ் வந்தால், துவக்கு யாருடைய வீட்டில் இருந்தது என்றுதான் எழுதும். நீர் தோகாவில் இருப்பீர். ஜீப்பில் ஏறுவது அக்கா.

குரோம் கதைக்கு வருவோம், கேட்டுவிட்டீர் என்பதற்காக. குரோம் பூசமுன் மினுக்கும் பஃப் மெசினில் பழைய துவக்கைப் பிடித்தால் முதலில் அழிவது எழுத்து. குழலின் அடியில், பிடியோடு பூட்டும் இடத்தில், சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1813இல் இருந்து துவக்குகளை வெடித்துச் சோதித்து முத்திரை குத்துகிறார்கள். அந்த முத்திரையும் துவக்கின் இலக்கமும் தேய்ந்துபோனால் அது யாருடைய துவக்கு என்று நிரூபிக்க உம்மிடம் ஒன்றுமில்லை. இலக்கம் தேய்ந்த துவக்கைப் பொலிஸ் எப்படிப் பார்க்கும் என்று நீரே யோசியும். நீலம் என்பது பெயின்ட் இல்லை, அடக்கிப் பிடிக்க வைத்த ஒரு வகைத் துரு. இப்போது பலர் செய்வதுபோலக் கொதிக்கும் கோஸ்டிக் சோடாத் தொட்டியில் இரட்டைக் குழலை அமிழ்த்தினால், இரண்டு குழலையும் ஒட்டிவைத்திருக்கும் ஈயப் பற்றாசை அது அரித்துவிடும். எருவுக்குள் கிடந்த இரும்பு உள்ளே எவ்வளவு தின்னப்பட்டிருக்கிறதோ, அது வேறு. சைலன்சர்க்காரருக்கு இதெல்லாம் தெரிய நியாயமில்லை. துவக்கில் கைவைக்க அவருக்கு அனுமதியும் இருக்காது.

பிடி மரத்தில் கன்னம் வைத்த இடம் ஒன்று மட்டும் கறுத்து வழுவழுப்பாக இருக்கும், பார்த்திருப்பீர். போடியாரின் வியர்வையும் தேங்காய் எண்ணெயும் அது. உம்முடைய ஆள் முதலில் அங்கேதான் அரத்தாள் போடுவார்.

உள்ளே தோட்டா இருக்கிறதா என்று யாராவது பார்த்தீர்களா? கடிதத்தில் இல்லை. இனிப் பார்க்கவும் வேண்டாம், மடக்கித் திறக்கவும் வேண்டாம்.

ஆவணி வரைக்கும் இருக்காதையும். இந்தக் கிழமையே மட்டக்களப்பில் ஒரு சட்டத்தரணியைப் பிடியும். அவர் மூலம் பொலிஸ் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் அறிவித்து, அவர்களே வீட்டுக்கு வந்து எடுக்கட்டும். அக்கா அதை உரப்பையில் சுற்றி ஓட்டோவில் கொண்டுபோகக் கூடாது. கிராம சேவகருக்கும் தெரிந்திருக்கட்டும். அம்மாவின் பெட்டியில் பழைய லைசன்ஸ் புத்தகம் கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்லும், அது பெரிய உதவி. உம்முடைய பெயருக்கு எடுக்க வழியிருக்கிறதா என்பதைச் சட்டத்தரணி சொல்வார். எனக்கு அதில் பெரிய நம்பிக்கையில்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு வயல் காவல் என்று எழுத முடியாதே.

கொடுத்தால் போய்விடுமே என்பீர். என்னுடைய அப்பாவும் கொடுத்தார். ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்கள். அது இன்னும் எங்கள் தகரப் பெட்டியில், வயல் அலுவல் பார்த்த வட்டவிதானையாக அவர் எழுதிய கணக்குக் கொப்பிக்குள் இருக்கிறது. என் பேரப்பிள்ளைகள் எடுத்துப் பார்க்கிறார்கள். உம்முடைய அம்மப்பா துவக்கோடு நிற்கும் படம் ஏதும் இருந்தால் அதைப் பெருப்பித்து ஹோலில் மாட்டும். வெள்ளித் தகட்டில் பெயரை வெட்டி அந்தப் படச் சட்டத்தின் கீழே வையும்.

இன்றைக்கு இரவே அக்காவுக்கு எடுத்துப் பேசும். துவக்கைப் பற்றி நீர் தொடங்க வேண்டாம், எருக்கும்பத்தைப் பற்றிக் கேளும். அவ சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதையும். பொலிஸ் வந்து எடுத்துப் போன பிறகு, புது வீட்டுக்கு வைத்திருக்கும் காசில் கொஞ்சம் அனுப்பும். அந்த அறைக்கு வெள்ளையடித்து, நல்ல கட்டில் ஒன்றும் நுளம்பு வலையும் வாங்கிப் போடட்டும்.