ஃப்ளை கட்டும் இதழ்கள்: காசு கொடுத்து வாங்கலாமா?

கேள்வி: காணொளிகள் இலவசமாகக் கொட்டிக் கிடக்கும்போது, தூண்டில் ஃப்ளை (மீனை ஏமாற்ற, தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்யும் பொய்ப்பூச்சி) கட்டக் கற்றுத்தரும் இதழை எதற்கு வாங்க வேண்டும்?

பதில்: இறகை எப்படிச் சுற்றுவது, நூலை எவ்வளவு இறுக்குவது என்று கையசைவைப் பார்க்கக் காணொளிதான் சரி. ஆனால் அளவுகள் மனத்தில் பதிய, அசையாத படம் வேண்டும். வூலி பக்கர் என்ற வால் வைத்த ஃப்ளையைக் கட்டுகிறீர்கள் என்றால், வால் ஏறக்குறைய முள்ளின் தண்டு அளவுக்கு நீள வேண்டும். தலையை முடிக்க, முள்ளின் காதுக்கு, அதாவது தூண்டில் கயிறு கோக்கும் துளைக்குப் பின்னால் கொஞ்சம் இடம் விட வேண்டும். புதிதாகக் கட்டுபவர்கள் அந்தக் காதைத்தான் நூலால் அடைத்துவிடுகிறார்கள். இரண்டு கையும் நூலில் மாட்டியிருக்கும்போது, பக்கத்தில் விரித்து வைத்த படத்தை ஒரு பார்வை பார்த்தால் போதும்.

கேள்வி: சந்தா கட்டலாமா, பழைய பிரதிகளைத் தேடலாமா?

பதில்: பழையதையே தேடுங்கள். அமெரிக்காவின் 'ஃப்ளை டையர்' 1978இல் தொடங்கியது; அதன் பழைய இதழ்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ஆடம்ஸ் ஃப்ளையை லென் ஹாலடே மிச்சிகனில் 1922இல் கட்டினார். ட்ரௌட் மீன் இன்றும் அதைக் கடிக்கிறது. பழைய இதழில் காலாவதியாவது விளம்பரங்கள் மட்டும்தான். புதிய இதழ்களிலோ, போன மாதம் சந்தைக்கு வந்த பளபளப்பு இழை இல்லாமல் ஒன்றையும் கட்ட முடியாது என்ற எண்ணம் வந்துவிடும். பர்ஸுக்கு அது நல்லதல்ல.

கேள்வி: நான் இன்னும் ஒன்றுகூடக் கட்டியதில்லை. எந்த இதழ் வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதுவும் வேண்டாம். இங்கிலாந்தின் ஆற்றுக் காவலர் ஃபிராங்க் சாயர் உருவாக்கிய ஃபெசன்ட் டெயில் நிம்ஃப் என்ற ஃப்ளைக்கு, ஃபெசன்ட் பறவையின் வால் இறகு இழையும் மெல்லிய செம்புக் கம்பியும் போதும், நூல்கூட வேண்டாம். அது கைக்குப் படிந்த பிறகு இதழ் வாங்குங்கள்.

கேள்வி: சால்மன் மீனுக்கான ஃப்ளைகளுக்கு 'ஜங்கிள் காக்' இறகு கேட்கிறார்கள். நீலகிரிக் காட்டில் கிடைக்குமே, எடுக்கலாமா?

பதில்: கூடாது. அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும் பறவை. அதன் கழுத்து இறகில் மெழுகுபோல் மின்னும் புள்ளிக்காகத்தான் விக்டோரியா காலத்திலிருந்து இத்தனை ஆசை. அச்சிட்ட செயற்கை இறகு விற்கிறார்கள். அதை வைத்துக் கட்டுங்கள். இறகே இல்லாமல் விட்டாலும் மீன் கணக்குக் கேட்கப்போவதில்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்ப்பவர்கள்தான் கேட்பார்கள்.

கேள்வி: டிஜிட்டல் பதிப்பு?

பதில்: தேடிப் பார்க்க வசதி. மேசையில் வைத்துக் கட்ட வேண்டாம். ஃப்ளையின் தலையில் பூசும் வார்னிஷ் ஒட்டிய விரலோடு திரையைத் தொட வேண்டியிருக்கும்.