கையில் வரும் காசும் கடுதாசியில் உள்ள காசும்

அன்புள்ள அண்ணா,

அறிவியல் நகரில் பொறியியல் படித்துவிட்டு கிளிநொச்சியிலேயே இருக்கிறேன். பல் வைத்தியர்கள் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்க ஒரு மென்பொருள் செய்து, நான்கு வருடமாக மாதச் சந்தாவுக்குக் கொடுக்கிறேன். கனடாவில் 140 கிளினிக்குகள், மாதம் 19 டொலர். செலவு போக 2,000 டொலர் மிஞ்சும். ஒருவர் 80,000 டொலருக்குக் கேட்கிறார். பாதி உடனே, மீதி இரண்டு வருடம் கழித்து, வருமானம் குறையாமல் இருந்தால். இரவிரவாக மெயிலுக்குப் பதில் எழுதிக் களைத்துப்போனேன். கொடுக்கலாமா?

அன்புள்ள தம்பி,

களைத்துப்போனேன் என்கிறீர்கள், விற்க அது போதும், ஒருவருக்கும் சாட்டுச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்தப் பேச்சுக்குக் கொடுக்க வேண்டாம்.

80,000 டொலர் உங்கள் வருட லாபத்தின் மூன்று மடங்குக்கு மேல் என்றால், இந்த அளவுத் தொழில்கள் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மடங்குக்குள் கைமாறுவதால், நல்ல விலைபோலத்தான் தெரியும். ஆனால் உடனே கையில் வருவது 40,000. விற்காமலே இருபது மாதத்தில் அதை உழைத்துவிடுவீர்கள். மற்றப் பாதி அவருடைய நடத்தையில் தொங்குகிறது: அவர் சந்தாவைக் கூட்டலாம், மெயிலுக்குப் பதில் போடாமல் விடலாம். மாதம் நூற்றுக்கு மூன்று பேர் கழன்று, புதிதாக ஒருவரும் சேராவிட்டால், வருட முடிவில் 140இல் 97தான் மிச்சம். உங்கள் காசும் அவர்களோடு போய்விடும்.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல்லை அப்பா ஒருமுறை ஈரத்தோடு களத்திலேயே ஒரு வியாபாரிக்கு ஏற்றிவிட்டார், நல்ல விலை சொன்னார் என்று. சீமெந்துப் பையைக் கிழித்து அதில் எழுதிய கணக்கு வெகுகாலம் எங்கள் சாமித்தட்டில் இருந்தது. கடைசித் தவணை வரவே இல்லை.

மொத்தம் 70,000 ஆகக் குறைந்தாலும் பரவாயில்லை, கைமாறும் அன்றே 55,000 கேளுங்கள். மீதிக்கு வருமான நிபந்தனை வேண்டாம், தேதி போட்ட தவணையாக இருக்கட்டும். எஸ்க்ரோ.காம் மாதிரி நடுவில் ஓரிடத்தில் அவர் காசைப் போட்டபிறகுதான் டொமைன் என்ற இணையப் பெயரும் மென்பொருளின் மூல நிரலும் போகவேண்டும்.

அப்புறம் இதை இன்றைக்கே பாருங்கள். அட்டையில் காசு வாங்கித்தரும் ஸ்ட்ரைப் நிறுவனம் இலங்கையில் கணக்குத் தருவதில்லை என்பதால், அதே வேலையைச் செய்யும் பாடில் போல ஒன்றின் வழியாகத்தான் உங்களுக்குக் காசு வரும் என்று நினைக்கிறேன். அந்தக் கணக்கு வாங்குபவர் பெயருக்கு மாறுமா, அல்லது 140 பேரும் அட்டை விவரத்தைத் திரும்பக் கொடுக்கவேண்டுமா என்று எழுத்தில் கேட்டு வையுங்கள். திரும்பக் கேட்டால் கொஞ்சப் பேர் அந்தச் சாட்டிலேயே சந்தாவை நிறுத்திவிடுவார்கள்.

இரவு மெயிலுக்கு வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஒரு பிள்ளையைச் சம்பளத்துக்கு வையுங்கள். லாபம் கொஞ்சம் குறையும், ஆனால் நீங்கள் இல்லாமலும் ஓடும் என்பதை வாங்குபவர் கண்ணால் பார்ப்பார். ஒரு மாதம் ஒழுங்காக நித்திரை கொள்ளுங்கள், அதற்குப் பிறகு அவரோடு விலை கதையுங்கள். ஒப்பந்தத்தைச் சட்டத்தரணியிடம் காட்டியபின் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், வாசித்துச் சொல்கிறேன்.