உம்ரா போகிறவர்கள் உஹதுக்கும் போக வேண்டுமா? அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

மதீனாவில் உங்களுக்கு மூன்று நாலு நாள்தான் இருக்கும், ஜியாரத் பஸ்ஸுக்கு (முக்கிய இடங்களைச் சுற்றிக்காட்டும் பஸ்) பெயர் கொடுக்கச் சொல்லியிருப்பார்கள், 'உஹதில் வெறும் மலைதான், பேசாமல் ஹரமிலேயே, நபியின் பள்ளிவாசலிலேயே இருந்து தொழு' என்று முன்னால் போய்வந்த யாரோ உங்களிடம் சொல்லியிருப்பார்கள். வெறும் மலைதான். போய் வாருங்கள்.

உம்ரா என்பது மக்காவில் செய்யும் வணக்கம், அதன் அமல்களில் (செய்ய வேண்டிய காரியங்களில்) மதீனாவில் இருக்கும் உஹது கிடையாது. போகாவிட்டால் உம்ராவுக்கு ஒரு குறையும் வராது. இதைச் சொன்னதுமே 'அப்புறம் நீ ஏன் போனாய், கப்ரு (சமாதி) வணக்கமா?' என்று ஒருவர் கீழே கமெண்டில் வருவார், தெரியும். உஹதுப் போரில் உயிர் நீத்து அங்கே அடங்கியிருக்கும் ஷுஹதாக்களை (ஷஹீதானவர்களை) நபி (ஸல்) அவர்களே போய் ஜியாரத் செய்திருக்கிறார்கள். நான் கம்பிக்கு வெளியே நின்று ஸலாம் சொன்னேன், துஆ கேட்டேன், திரும்பினேன். மண் அள்ளவில்லை. போதுமா?

மஸ்ஜிதுந் நபவியிலிருந்து வடக்கே ஐந்து கிலோமீட்டர் போல. பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே நீளமாக, செம்மண் நிறத்தில் உஹது மலை. இந்தப் பக்கம் ஒரு சின்னக் குன்று, ஜபலுர் ருமாத். அம்பெய்பவர்களின் குன்று. இடையில் சுற்றுச்சுவரும் கம்பியும் போட்ட கபரஸ்தான் (அடக்கஸ்தலம்), பக்கத்தில் புதிதாகக் கட்டிய பள்ளிவாசல். கபரஸ்தானுக்குள் பெயர்ப் பலகை எதுவும் இல்லை, தரைமட்டமாகக் கிடக்கிறது. நபியின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அங்கேதான் இருக்கிறார்கள். முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அங்கேதான் இருக்கிறார்கள். மக்காவில் செல்லமாக வளர்ந்தவர், கடைசியில் கஃபனிட, உடலைப் போர்த்தி அடக்க, ஒரே ஒரு துணி. தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது. தலையை மூடிவிட்டுக் காலில் இத்கிர் புல்லைப் போட்டார்கள். குரூப்பைக் கூட்டி வந்த எங்கள் ஹஜ்ரத் (மார்க்க அறிஞர்) இதைச் சொல்லும்போது பஸ்ஸில் பாதிப் பேர் தூக்கத்தில் இருந்தார்கள். சுபுஹுக்கு முன்னாலேயே எழுப்பிவிட்டால் வேறென்ன நடக்கும்?

நான் சொல்ல வந்தது குன்றைப் பற்றி. ஹிஜ்ரி 3, ஷவ்வால் மாதம், அதாவது 625-இல் நடந்த போர். எதிரே மக்காவின் குறைஷிகள் 3000 பேர். இந்தப் பக்கம் 1000 பேராகக் கிளம்பி, வழியில் அப்துல்லாஹ் இப்னு உபை 300 பேரோடு கழன்றுகொள்ள, மிச்சம் 700. நபியவர்கள் 50 வில்லாளிகளை இந்தக் குன்றில் நிறுத்தி, அப்துல்லாஹ் இப்னு ஜுபைரைத் தலைவராக்கினார்கள். பறவைகள் எங்களைக் கொத்திச் செல்வதைக் கண்டாலும் நான் ஆள் அனுப்பும்வரை இடத்தை விட்டு நகராதீர்கள் என்பது கட்டளை. எதிரிகள் ஓடியதும், கீழே கனீமத் பொருட்களை, அதாவது எதிரி விட்டுப்போன போர்ப் பொருட்களைப் பார்த்ததும், பெரும்பாலானோர் இறங்கிவிட்டார்கள். அந்த இடைவெளியில் காலித் இப்னு வலீதின் குதிரைப்படை பின்னால் சுற்றி வந்தது. காலித் அப்போது இஸ்லாத்துக்கு வரவில்லை. 70 பேர் ஷஹீதானார்கள்.

மதரஸாவில் ஓதிய காலத்திலிருந்தே அந்த 50 பேர் மேல் எனக்குக் கோபம். 'சொன்ன பேச்சைக் கேட்டு நிற்கத் தெரியாதா?' என்று உம்மாவிடம் எத்தனையோ முறை பொருமியிருக்கிறேன்.

அன்றைக்கு உம்மா, அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி, குன்றில் ஏறியே தீருவேன் என்றார்கள். குரூப்பில் வந்த இரண்டு பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பை, போன் எல்லாம் என்னிடம். "ஏலே, இங்கயே நில்லு. நான் வாரது வரைக்கும் அசையக் கூடாது." சரி என்றேன். அஞ்சு நிமிஷம் நின்றேன். பத்தடி தள்ளி ஒருவர் தள்ளுவண்டியில் அஜ்வா பேரீச்சம்பழம் விற்றுக்கொண்டிருந்தார். விலை மட்டும் கேட்கலாம் என்று போனேன். பேரம் நீண்டது. இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு திரும்பினால், கூடப் போன பெண்கள் பஸ் பக்கத்தில் நிற்கிறார்கள், உம்மாவைக் காணோம். "மவன் நிக்கான்னு சொல்லிட்டு இறங்கிட்டாங்களே" என்கிறார்கள்.

அரை மணி நேரம். எல்லாரும் கறுப்பு புர்கா, எல்லாரும் ஒரே உயரம். நான் குன்றைச் சுற்றி இரண்டு தடவை ஓடினேன். கடைசியில் கபரஸ்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய நின்றுகொண்டிருந்தார்கள். என் கையில் இருந்த பையைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். "கனீமத்தா?"

அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும்தான்.

அந்த 50 பேரில் தவறியவர்களை அல்லாஹ் மன்னித்துவிட்டதாகக் குர்ஆனின் ஆலு இம்ரான் சூராவிலேயே வருகிறது. அதை நான் எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். மன்னிக்காமல் இருந்தது நான்தான்.

ரியாத்தில் இருக்கும் என் தம்பிக்கு மதீனா வர லீவு கிடைக்கவில்லையாம். ஆனால் ராத்திரி போன் போட்டு "உம்மாவை எப்படித் தொலைச்சே?" என்று முக்கால் மணி நேரம் விசாரிக்க நேரம் கிடைத்தது. டிக்கெட்டுக்குப் பாதி தருகிறேன் என்று சொன்னவன், அதைப் பற்றி அந்த முக்கால் மணி நேரத்தில் வாயே திறக்கவில்லை. இதை அவன் படித்தால் படிக்கட்டும்.

சரி, உங்கள் விஷயம். குரூப் பஸ்ஸை நம்பினால் எங்களைப் போல உஹதில் இருபது நிமிஷம்தான் தருவார்கள், பேரீச்சம்பழக் கடையில் ஒரு மணி நேரம் நிறுத்துவார்கள். (எங்கள் பஸ் கிளம்பத் தாமதமானது என்னால்தான். எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.) முடிந்தால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து டாக்ஸி பிடித்து, வெயில் ஏறுமுன் போங்கள். குன்றில் பாறை வழுக்கும், செருப்புக்குப் பதில் ஷூ போடுங்கள். பெரியவர்களைக் கூட்டிப் போனால் ஹோட்டல் கார்டும் போனும் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். பழத்தை ஊருக்குக் கிளம்பும் அன்று வாங்கிக்கொள்ளலாம். நான் வாங்கிய அஜ்வா ஹரம் பக்கத்தில் கிலோவுக்குப் பத்து ரியால் குறைவாகவே கிடைத்தது.