கேள்வி-பதில்: மொதல்ல தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க, அப்புறம் மாத்திரை வாங்கலாம்

இந்த வெயில்ல வந்த லெட்டர்ல பாதிக்கு மேல ஸ்விம்மிங் பூல் சமாச்சாரம் தான். நீளமா எழுதினவங்க மன்னிக்கணும், வெட்டித்தான் போட்டிருக்கேன்.

கொளத்தூர்: அக்கா, ஆன்லைன்ல 10 அடிக்கு 6 அடி, 2 அடி ஆழம் பூல் வாங்கி மொட்டை மாடில போட்டோம். நாலே நாள்ல பச்சையா ஆயிடுது. என்ன பவுடர் வாங்கறது?

பவுடர் அப்புறம். அந்த தண்ணி எவ்ளோ வெயிட்டுன்னு வீட்ல யாராச்சும் கணக்கு போட்டீங்களா? ஏறக்குறைய 3,400 லிட்டர், 3.4 டன். ஒரு சதுர மீட்டருக்கு 600 கிலோ உக்காந்திருக்கு. ஆளுங்க நடமாடற மொட்டை மாடிக்கு ஐஎஸ் 875, அதாவது கட்டடம் எவ்ளோ லோடு தாங்கணும்னு சொல்ற இந்திய தரவிதி, சதுர மீட்டருக்கு சொல்ற லோடு சுமார் 150 கிலோ, அதாவது அரை அடி தண்ணி. அது மேல பசங்க வேற குதிக்கறாங்க, நெனைச்சாலே பகீர்னு இருக்கு. இன்னைக்கே தண்ணிய இறக்கிட்டு, பூல கீழ தரைல கொண்டு வந்து போடுங்க, பாசிய நல்லா தேச்சு கழுவுங்க. அப்புறம் சாயங்காலம் வெயில் இறங்கினதும் நல்ல ப்ளீச்சிங் பவுடர் 20 கிராம் எடுத்து பக்கெட் தண்ணில கரைச்சு, தெளிஞ்சதும் மேல் தண்ணிய மட்டும் ஊத்துங்க, 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) குளோரின் கிடைக்கும். பகல்ல போட்டா வெயிலே தின்னுடும். ஃபில்டர் இல்லாத பூலுக்கு அடிக்கடி தண்ணி மாத்தறது தவிர வேற வழி கிடையாது.

பெரம்பூர்: குளோரின் வாசனை தூக்கலா இருந்தா தண்ணி சுத்தம்னு தானே?

இல்ல. வேர்வையும் மூத்திரமும் குளோரினோட சேந்து வர்ற வாசனை அது. குளோரின் பத்தலன்னு அர்த்தம்.

மாதவரம்: எங்க பூல் 24,000 லிட்டர். மெயின்டனன்ஸ் பண்றவரு குளோரின் மாத்திரை, பாசி மருந்து, தெளிய வெக்கற மருந்துன்னு மாசம் 7,000 ரூபா வாங்கறாரு. டெஸ்ட் ஸ்ட்ரிப்ல குளோரின் 3 பிபிஎம் காட்டுது, ஆனா செவுரு வழுக்குது. கேட்டா இன்னும் ரெண்டு டப்பா போடணுங்கறாரு.

போடாதீங்க. உங்க மேல தப்பே இல்ல, ஒழுங்கா காசு குடுத்து ஏமாந்திருக்கீங்க, அதான் எனக்கு வயிறு எரியுது. அந்த மாத்திரை பேரு ட்ரைகுளோர். எடைல பாதிக்கு மேல சயனூரிக் ஆசிட், கடைல ஸ்டெபிலைசர்னு சொல்வாங்க. வெயில்ல குளோரின் வீணாகாம அது காப்பாத்தும், 30லேர்ந்து 50 பிபிஎம் வரைக்கும் நல்லது தான். ஆனா குளோரின் செலவாயிடும், ஸ்டெபிலைசர் அப்படியே தங்கிடும். மாத்திரையா போடற ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினுக்கும் 6 பிபிஎம் ஸ்டெபிலைசர் கூடவே ஏறுது. நாளைக்கு 2 பிபிஎம் செலவுன்னு வெச்சுக்கிட்டா மாசம் 36, மூணு மாசத்துல 100ஐ தாண்டிடும், அப்புறம் ஸ்ட்ரிப்ல 3 காட்டினாலும் அந்த குளோரின் கையக் கட்டிப்போட்ட மாதிரி, பாசிய கொல்லாது. இத குறைக்கன்னு ஒரு மருந்தும் வாங்காதீங்க, பாதி தண்ணிய எடுத்துட்டு புதுசு விடுங்க, 12,000 லிட்டர் லாரி ஒண்ணு போதும். அதுக்கப்புறம் ஸ்டெபிலைசர் கலக்காத குளோரின், அதாவது கால்சியம் ஹைப்போகுளோரைட்டோ லிக்விட் சோடியம் ஹைப்போவோ போதும். ஆனா மிச்சமிருக்கற மாத்திரையோட ஒரே டப்பால கலந்து வெச்சிடாதீங்க, தீப்பிடிக்கும்.

வருஷக்கணக்கா இத கத்திக்கிட்டு இருக்கேன். ஸ்டெபிலைசர் டெஸ்ட் ஒண்ணும் பெரிய விஷயமில்ல, ட்யூப்ல கலந்தா பால் மாதிரி கலங்கும், அடில இருக்கற கருப்பு புள்ளி எப்ப மறையுதுன்னு பாக்கணும், அவ்ளோ தான். அத பண்ணாமலே மருந்து விக்கறாங்க, ஏன்னா டப்பா வித்தா லாபம், தண்ணிய மாத்துங்கன்னு சொன்னா லாபமில்ல. இனிமே குளோரின், பிஎச், ஆல்கலினிட்டி, ஸ்டெபிலைசர் நாலையும் நோட்டுல எழுதிட்டு தான் பில்ல நீட்டணும்னு சொல்லுங்க. பிஎச் (புளிப்பா காரமான்னு காட்டற அளவு) 7.2லேர்ந்து 7.8, ஆல்கலினிட்டி (பிஎச் சட்டுனு மாறாம பிடிச்சு வெக்கறது) 80லேர்ந்து 120 பிபிஎம் இருக்கணும். எழுத மாட்டேன்னா வேற ஆள பாருங்க.

மூலக்கடை: தண்ணில செம்ப கொஞ்சம் கொஞ்சமா விடற காப்பர் அயனைசர் மெஷின் வெச்சா கெமிக்கலே வேணாம்னு டெமோ காட்டினாங்க. 20,000 சொல்றாங்க.

செங்குன்றத்துல எங்க அண்ணன் வீட்டு பூலுக்கு நானே வாங்கிக் குடுத்தேன், 18,000. கொஞ்ச மாசத்துல தரையெல்லாம் நீலப்பச்சை கறை. குளோரினும் நிறுத்த முடியல, ஏன்னா காப்பர் பாசிக்கு கேக்கும், கிருமிய வேகமா கொல்லாது. வித்தவங்க போன எடுக்கல. அண்ணி இன்னிக்கு வரைக்கும் அந்த கறைய தேச்சுக்கிட்டு இருக்காங்க. வாங்காதீங்க.

திருவொற்றியூர்: போர் தண்ணி விட்டு குளோரின் போட்டதும் டீ கலருக்கு மாறிடுச்சு.

தண்ணில இரும்பு இருக்கு, குளோரின் பட்டதும் துருவாயிடுது. ஃபில்டர விடாம ஓட்டி பேக்வாஷ் பண்ணுங்க, அதாவது தண்ணிய எதிர்ப்பக்கமா விட்டு ஃபில்டர்ல சேந்த அழுக்க வெளியேத்துங்க. அடுத்த தடவ லாரி தண்ணி.

வண்ணாரப்பேட்டை: ப்ளீச்சிங் பவுடர் 10 கிலோ, வெறும் பிளாஸ்டிக் கவர்ல கட்டிக் குடுத்தாங்க. எவ்ளோ போட்டாலும் குளோரின் ஏறல. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேங்கறாரு. பில் வாங்கல.

ஏங்க பில் வாங்கல? எத்தன தடவ எழுதறது! சூட்டுலயும் ஈரத்துலயும் ப்ளீச்சிங் பவுடர் வீரியம் போயிடும், அதுக்குத்தான் தயாரிச்ச மாசம் பாத்து வாங்க சொல்றேன். பாக்கெட்ல தயாரிச்சவங்க பேரு விலாசம், எடை, மாசம் வருஷம், எம்ஆர்பி, புகார் நம்பர் எல்லாம் இருக்கணும்னு பாக்கெட் பொருளுக்கான 2011 விதியே இருக்கு. ஜிபேல குடுத்திருந்தா அந்த ஸ்க்ரீன்ஷாட்டயும் கவரையும் பத்திரமா வெச்சுக்கிட்டு தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணுங்க. கேக்கலன்னா நீங்க குடியிருக்கற மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே கேஸ் போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது.

கொளத்தூர், இன்னொருத்தர்: மீன் கடை டெஸ்ட் கிட் போதுமா?

7.2லேர்ந்து 7.8 வரைக்கும் பிரிச்சு காட்டுச்சுன்னா பிஎச்சுக்கு ஓகே. குளோரினுக்கு பூல் கிட் தான் வேணும்.

ராயபுரம்: டைம் மிச்சமாகும்னு ஆசிட்டையும் குளோரினையும் ஒரே பக்கெட்டுல கலந்தேன். மஞ்சளா புகை வந்துச்சு. ரெண்டு நாளா இருமல். எந்த கம்பெனி ஆசிட் நல்லது?

எந்த கம்பெனியா இருந்தாலும் குளோரின் கேஸ் தான் வரும், ஆளக் கொல்ற கேஸ். ஒண்ணு போட்டு பம்ப் சில மணி நேரம் ஓடினப்புறம் தான் இன்னொண்ணு, ஆசிட்டத்தான் தண்ணில ஊத்தணும், ஆசிட்டுல தண்ணி ஊத்தக் கூடாது. இதெல்லாம் அப்புறம் படிங்க. ரெண்டு நாளா இருமறீங்க, ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்துல தான இருக்கு, இப்பவே கிளம்புங்க, என்ன கலந்தீங்கன்னு மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க.